அம்மாவிடம் சொல்லி அனுப்பிய பேச்சு

பிரபுவுக்கு,

நீ மாடியில் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாய். நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. உன் குறட்டை படியிறங்கி முன்னறை வரைக்கும் வந்து நலம் சொல்லிவிட்டுப் போகிறது. அம்மா எதிர் வீட்டுப் பெண்ணின் வளைகாப்புக்குப் போயிருக்கிறாள். சாப்பாட்டை முடித்து, நாலு வீட்டுக் கதையையும் கேட்டுவிட்டு வர நேரமாகும். ஆக வீட்டில் நீயும் நானும்தான். ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் மகனுக்கு அப்பன் உட்கார்ந்து கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம் என்று எனக்குத் தெரியும். மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினால் முடிந்துவிடும் காரியம் இது. தட்டிய பிறகு என்ன செய்வது என்று தெரியாததால்தான் பேனாவை எடுத்தேன்.

வருகிற புதன்கிழமை என் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். எதற்கு, எப்படி, எடுத்த பிறகு கழுத்தில் துளை எங்கே வரும் என்பதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் ஜெர்மனியில் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாய். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ விமானத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்து நான் ஒரே ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். குரல் போவதற்கு முன்னால் உன்னிடம் நேராக, நடுவில் அம்மா இல்லாமல், ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும் என்று முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். என்ன பேசப் போகிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெரிய ரகசியம் எதுவும் என்னிடம் இல்லை. சாப்பிட்டாயா என்று உன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தாலே போதும். இன்று ஞாயிற்றுக்கிழமை. இன்னும் கேட்கவில்லை.

மனிதன் எப்படிப் பேச ஆரம்பித்தான் என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு நாடே உனக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. நீ பெற்ற பட்டத்தின் பெயரைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் பெருமையாக அதைத்தான் சொல்லுவேன். அப்படிப்பட்டவனைப் பெற்ற அப்பன் நான், எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று வாரமாக முழித்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். எனக்கே சில சமயம் வருகிறது.

ஆர்.எஸ்.புரத்தில் அந்த டாக்டரைப் பார்த்துவிட்டுச் சிங்காநல்லூருக்குத் திரும்பி வந்த நாளை நினைத்துப் பார். நீ வண்டி ஓட்டினாய். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அம்மா பின்னால் இருந்தாள். டாக்டர் சொன்னது மூன்று பேர் மண்டையிலும் ஓடிக்கொண்டிருந்தது. நான் ரோட்டைப் பார்த்தபடி, "எத்தன நாளு ஆஸ்பத்திரில இருக்கோணும்னு கேட்டானா?" என்றேன். அம்மா முன்னால் சாய்ந்து, "கண்ணு, எத்தன நாளு இருக்கோணும்னு அப்பா கேக்கறாரு" என்றாள். நீ, "ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லுங்கம்மா" என்றாய். அம்மா என் பக்கம் திரும்பி, "ரெண்டு வாரமாமுங்க" என்றாள். உன் முழங்கையும் என் முழங்கையும் இடித்துக்கொண்டிருந்தன. பேச்சு மட்டும் பின் சீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு முன் சீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் பார்த்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே நம் இரண்டு பேருக்கும் நடுவில் தூது வேலை பார்த்திருக்கிறாள்.

இது நம் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை என்பது உனக்கும் தெரியும். நம் சனத்தில் பாதி வீடுகளில் அப்பனும் வளர்ந்த மகனும் இப்படித்தான். சண்டை கிடையாது, கோபம் கிடையாது. மகனுக்கு மீசை அரும்பியதும் நடுவில் ஒரு ஆள் வந்துவிடும். என் அப்பா இன்னும் ஒரு படி மேலே. நான் எதிரில் நிற்கும்போதே எருமையைப் பார்த்து, "இவன் இன்னைக்குத் தண்ணி கட்டப் போறானா, இல்ல நாம்போறதா?" என்பார். நானும் எருமைக்குத்தான் பதில் சொல்லுவேன். அவர் போன பிறகு, அவரிடம் நேராகப் பேசிய ஒரு வாக்கியத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அப்போது எனக்கு அது பெரிய குறையாகவும் தோன்றவில்லை. இப்போதுதான் தோன்றுகிறது.

உனக்காவது எருமை இல்லாமல் அம்மா கிடைத்தாள். நீ ஜெர்மனியிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடு மேசையில் வைப்பாள். நான் பேப்பரை விரித்துக்கொண்டு, "அங்க குளுரு எப்படி இருக்குதுன்னு கேளு புள்ள" என்பேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே. மில்லில் நூற்றுக்கணக்கான மிஷின் சத்தத்தை மீறிக் கூப்பிட்டுப் பழகிய குரல். ஸ்பீக்கர் இல்லாமலே ஜெர்மனிக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் நீ பதில் சொல்ல மாட்டாய். அம்மா அதையே திருப்பிச் சொல்லும் வரைக்கும் மரியாதையாகக் காத்திருப்பாய். உன் பொறுமையை நினைத்து அப்போது பெருமைப்பட்டுக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் நம் இரண்டு பேரையும் உட்கார வைத்து நாலு அறை விடலாம் போல இருக்கிறது.

போன வாரம் அவிநாசி ரோட்டில் அந்தக் கல்லூரியில் நீ பேசப் போனாய். நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. "அவன் போற எடத்துக்கு நானும் வாரேன்னு சொல்லு" என்று அம்மாவிடம் சொல்லியனுப்பக் கூச்சமாக இருந்தது. பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். நீ ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் பேசினாய். உன் குரலை அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல நான் கேட்டதே கிடையாது. என் குரலில் பாதி உனக்கு வந்திருக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். வாக்கியத்தை முடிக்கும்போது லேசாக இழுக்கிறாயே, அது என்னுடையது.

எலும்பு மண்ணுக்குள் கிடந்து கல்லாக மாறி மிஞ்சும், கல் ஆயுதம் மிஞ்சும், பேச்சு மட்டும் வாயை விட்டு வெளியே வந்ததுமே காணாமல் போய்விடும் என்று ஆரம்பித்தாய். அதனால்தான் யாராலும் எதையும் நிரூபிக்க முடியவில்லை என்றாய். ஒரு காலத்தில் மொழியின் பிறப்பைப் பற்றி இனி யாரும் இங்கே கட்டுரை கொண்டுவரக் கூடாது என்று ஒரு அறிஞர் சங்கமே தடை போட்டதாம். பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாய். பறவை விலங்குகளின் சத்தத்தைப் பார்த்துப் பேர் வைத்ததில் தொடங்கியது என்பது ஒரு கட்சி. காக்காய்க்குப் பேர் வைத்தது காக்காயேதான் என்றாய். பாரம் தூக்கும்போது எல்லாரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் பிறந்தது என்பது இன்னொரு கட்சி. வாய்க்கு முன்னால் கைதான் பேசியது என்பது வேறொன்று. குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவு வளர்ப்பது போல, கூட்டம் பெருத்த பிறகு மனிதர்கள் பேசிப் பேசி உறவு வளர்த்தார்கள் என்பது ஒன்று. எங்கோ யாரோ ஒருவர் மூளையில் ஏதோ ஒன்று சட்டென்று மாறி, அதிலிருந்து எல்லாம் வந்தது என்பது இன்னொன்று.

இந்தக் கடைசிக் கட்சியைக் கேட்டதும் எனக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. பேச்சு முடிந்து, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள். என்னை அறியாமல் கை தூக்கிவிட்டேன். ஒரு பெண் மைக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நீ மேடையிலிருந்து பார்த்தாய். நான்தான் என்று தெரிந்ததும் உன் முகம் மாறியது. சின்னப் பிள்ளையில் பரிசு வாங்க மேடையேறியபோது எங்களைத் தேடுவாயே, அந்த முகம். நல்ல மைக். ஊருக்கே கேட்கும் மைக். நடுவில் யாரும் இல்லை. நான் அதை வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "ஒண்ணுமில்லீங்க" என்றேன். பெற்ற மகனைப் பார்த்து ஒண்ணுமில்லீங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து, "அப்பா என்ன கேக்க வந்தாருன்னு கேளுங்கம்மா" என்றாய். "ஏனுங்க, என்னமோ கேக்க வந்தீங்களாமா?" என்று அவள் கேட்டாள். சும்மா என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

நான் கேட்க நினைத்தது இதுதான். ஒரே ஒருவனுக்குத்தான் முதலில் பேச வந்தது என்றால், அவன் யாரிடம் பேசினான்? சுற்றி இருந்தவர்களில் ஒருத்தருக்கும் அது என்னவென்றே தெரியாது. அவன் வாயைத் திறந்து சொல்கிறான், எதிரில் இருக்கிறவன் பேந்தப் பேந்த முழிக்கிறான். பதில் வராத பேச்சை அவன் எத்தனை நாள் பேசியிருப்பான்? இதற்கு உங்கள் ஆட்கள் ஏதாவது பதில் வைத்திருப்பார்கள். எனக்கு அந்த மனுசனை நினைத்தால் பாவமாக இருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவும் உன் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டாள். பேன் பார்ப்பதற்குப் பதிலாகப் பேச்சு வந்தது என்று நீ சொன்னதும், "அதென்ன கண்ணு பதிலா? நாங்க ரெண்டையும் ஒண்ணாத்தான செய்வோம். பேனு பாக்கறப்பத்தான் எல்லா ஊட்டுக் கதையும் வரும்" என்றாள். நீ சாப்பாடு கையில் இருக்க அப்படிச் சிரித்தாய். கை முதலில் பேசியது என்றாயே, அதற்கு எங்கள் மில்லைச் சொல்லலாம் என்று எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. ஸ்பின்னிங்கில் மிஷின் ஓடும்போது காதருகில் கத்தினாலும் கேட்காது. டீக்குப் போகலாமா என்பதற்கு ஒரு சைகை, நூல் அறுந்துவிட்டது என்பதற்கு ஒன்று. மீசையை முறுக்கிக் காட்டினால் மேனேஜர் வருகிறார். மேஸ்திரியான எனக்கும் ஒரு சைகை வைத்திருந்தார்கள்; காதுப் பக்கத்தில் நாலு விரலையும் கட்டைவிரலையும் வாத்து வாயைப் போலத் திறந்து திறந்து மூடுவார்கள். கத்துகிறவன் வருகிறான் என்று பொருள். எனக்குத் தெரியாது என்று கடைசி வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லியிருந்தால் நீ இன்னொரு முறை சிரித்திருப்பாய். நான், "ரசம் ஊத்து புள்ள" என்று மட்டும் சொன்னேன்.

நீ சொன்னதில் ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. ஆதியில் தாய்மார்கள் கிழங்கு தோண்டவும் காய் பறிக்கவும் குழந்தையைக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள், கை குழந்தையை விட்டுவிட்டது, அதனால் குரலை வைத்துத் தொட்டுக்கொண்டே இருந்தார்கள், பேச்சு அதிலிருந்து வந்திருக்கலாம் என்றாயே, அது. தாய் என்று மட்டும்தான் சொன்னாய். அதில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவும் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பகல் ஷிப்ட், எனக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் அவள் கிளம்பும்போது நான் வந்துவிடுவேன். விட்டத்தில் சேலைத் தொட்டில். நான் கீழே பாயில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். எழுந்து ஆட்டக் கையில் தெம்பு இருக்காது. நீ சிணுங்கினால் படுத்தபடியே பேசுவேன். ராத்திரி எந்த மிஷின் நின்றது, யார் யாரைத் திட்டினார்கள், மேனேஜர் என்ன சொன்னார் என்று எல்லாம் சொல்லுவேன். நான் பேசுகிற வரைக்கும் நீ அழ மாட்டாய். நிறுத்தினால் அழுவாய். அதனால் தூக்கத்திலேயே உளறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த ஒன்றரை வருடத்தில் உன்னிடம் பேசியது போல நான் யாரிடமும் பேசியதில்லை, உன் அம்மாவிடம்கூட. என் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். வேலை போய்விடுமோ என்று பயந்ததைச் சொல்லியிருக்கிறேன். ஒரு வார்த்தையும் உனக்குப் புரிந்திருக்காது. பிறகு உனக்குப் பேச்சு வந்தது, கேள்வி கேட்க வந்தது, பதில் சொல்ல வந்தது. எனக்கு அங்கேயிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. புரிந்துகொள்கிற ஆளிடம் பேச ஒரு தைரியம் வேண்டியிருக்கிறது, பிரபு. அது எனக்கு இருந்ததில்லை.

அதனால் ஒன்று சொல்கிறேன். புத்திமதி என்று வைத்துக்கொள். உன் மகன் இப்போதுதான் மூன்று மொழியைக் கலந்து உளறுகிறான். வீடியோவில் நீ அவனோடு தரையில் படுத்துக்கொண்டு பேசுவதைப் பார்க்கிறேன். ரொம்ப நன்றாக இருக்கிறது. அவனுக்குச் சுத்தமாகப் பேச வந்த பிறகும் நிறுத்திவிடாதே. அவன் உன்னைவிட உயரமாக வளர்ந்து எதிரில் வந்து நிற்பான், அப்போதும் நிறுத்தாதே. முக்கியமாக உன் பெண்டாட்டியைப் போன் ஆக்கிவிடாதே. இப்போது உனக்கு இது வேடிக்கையாகத் தெரியும். என்றைக்கு ஆரம்பிக்கிறது என்று யாருக்குமே தெரியாது. "அவன எந்திரிக்கச் சொல்லு" என்று ஒரு நாள் அவளிடம் சொல்லுவாய். வேலை எளிதாக முடிந்துவிடும். மறுநாளும் அப்படியே சொல்லுவாய்.

அப்புறம் அந்தக் குரல் பதிவு. குரல் போவதற்கு முன்னால் பதிந்து வைத்தால், பிற்பாடு நான் டைப் அடிப்பதை மிஷின் என் குரலிலேயே பேசும் என்று மைக்கும் லேப்டாப்புமாக நீ முன்னறையில் உட்கார்ந்தாய். மின்விசிறியை நிறுத்தினாய். அம்மா மிக்சி போடாமல் காத்திருந்தாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. "மேசையின் மீது நான்கு புத்தகங்கள் உள்ளன." "நாளை மழை பெய்யக்கூடும்." ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வலித்தது. அன்று மேடையில் இன்னொன்றும் சொன்னாயே, சொல்லுக்குச் செலவே கிடையாது, யாரும் எதையும் சொல்லிவிட்டுப் போகலாம், அப்படியிருக்க ஒருத்தர் சொல்லை ஒருத்தர் எப்படி நம்ப ஆரம்பித்தார்கள் என்பது பெரிய புதிர் என்று. எனக்கு இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் தொண்டையில் முள் குத்துகிறது, அதுதான் என் செலவு. இந்த மாதம் நான் எதைச் சொல்லியிருந்தாலும் நீ தாராளமாக நம்பியிருக்கலாம்.

வரிகள் முடிந்ததும், "படிக்கற கொரலு வேற, பேசற கொரலு வேறங்கம்மா. ஒரு அஞ்சு நிமிசம் அப்பாவ இஷ்டத்துக்குப் பேசச் சொல்லுங்க" என்றாய். அம்மா சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காயக் கொஞ்சம் அரிஞ்சுபோட்டு வந்தர்றேன்" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். வேண்டுமென்றேதான் போனாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீ மைக்கை என் பக்கம் நகர்த்தினாய். அந்தச் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் இதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கார்ப்பரேசன் தண்ணி வந்தா மொதல்ல மோட்டாரப் போடோணும். கீழ்த்தொட்டி நெறஞ்சதும் வால்வத் திருப்போணும்" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடமும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியே பேசி முடித்தேன். நீ தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

சாயந்திரம் அதை ஓட்டிக் காட்டினாய். "ருக்மணி, எனக்குக் காபி வேண்டும்" என்றது மிஷின். என் குரல்தான். அம்மா கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, இவரு என்னைக்கு எம்பேரச் சொல்லிக் கூப்புட்டாரு?" என்றாள். ஆனாலும் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைப்பதா, எனக்குக் கொடுப்பதா என்று ஒரு நொடி தயங்கி நின்றதை நான் பார்த்தேன்.

அன்று மேடையில் எல்லாவற்றையும் சொன்னவன் தொண்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கடைசி வரிசையில் இருப்பதை முதலிலேயே பார்த்துவிட்டாயோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. முந்தாநாள் சமையலறையில் அம்மாவிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாய். முன்னறையில் இருந்தவனுக்குக் கேட்டது. மற்ற மிருகங்களுக்குக் குரல்வளை மேலே இருக்கும், மனிதனுக்கு அது கீழே இறங்கிவிட்டது, அதனால்தான் இத்தனை விதமான ஒலி நமக்கு வருகிறது என்று ரொம்ப நாளாக ஒரு கட்சி சொல்லி வந்திருக்கிறது. இப்போது அதை மறுக்கிறவர்களும் உண்டு என்றாய். இறங்கியதால் மூச்சும் சோறும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன, பேச்சுக்கு மனிதன் கொடுத்த விலைதான் புரையேறுவது என்றாய். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டாள். "அப்ப புரையேறுனா யாரோ நெனைக்கறாங்கன்னு சொல்றது?" என்று கேட்டாள்.

நேற்றுக் காலை எனக்கென்று மெத்தென்று சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி வைத்தாள். இரண்டாவது வாய்க்கே புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சு நின்று, சாப்பாட்டு வட்டில் கை பட்டுக் கீழே விழுந்தது. அடுப்படியிலிருந்து அம்மா வழக்கம்போல, "யாரோ நெனைக்கறாங்க" என்றபடி ஓடி வந்தாள். அதற்குள் நீ வந்துவிட்டாய். என் உச்சந்தலையில் தட்டினாய். தட்டிய கையை எடுக்காமல், "நாந்தானுங்கப்பா" என்றாய்.

அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. சொல்லுங்கம்மா என்று சொல்லவில்லை. குனிந்து என் முகத்துக்கு நேராகச் சொன்னாய். எத்தனையோ வருடத்தில் நீ என்னிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. இருமல் அடங்கியது. உன்னை நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை நாள் நான் தேடிக்கொண்டிருந்த இடத்தில் நீயாக வந்து நின்றுகொண்டிருக்கிறாய். இன்னும் குரல் இருக்கிறது. நான் அம்மாவின் பக்கம் திரும்பி, "அவனக் கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லு" என்றேன்.

நீ போய் எடுத்து வந்தாய். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது. நேற்றுப் பூராவும் அதே நினைப்பாக இருந்தேன். இன்று சாப்பிட்டு முடித்து நீ படியேறும்போதும் பின்னாலிருந்து கூப்பிட வாயைத் திறந்தேன். உனக்குக் கேட்டிருக்காது, சத்தம் வரவில்லை. என்னால் முடியவில்லை, கண்ணு. நாளையும் செவ்வாயும் முயற்சி செய்வேன். முடியும் என்று வாக்குக் கொடுக்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆபரேஷனுக்குப் பின்னால் ஏதோ வால்வு வைத்தால் சிலருக்கு ஓரளவுக்குப் பேச வருமாம். எனக்கு வருமா என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பதைப் பார்த்து, ஆறுதலாக ஒன்று சொன்னார். நீ குறித்துக்கொண்டிருந்தாய், ஞாபகம் இருக்கும். "மூச்சு வழி தனி, சாப்பாட்டு வழி தனின்னு ஆயிருமுங்க. இனிமே உங்களுக்குப் புரையேறவே ஏறாது" என்றார். அன்று அது எனக்கு நல்ல செய்தியாகத்தான் பட்டது.

அப்படியானால் புதன்கிழமைக்குப் பிறகு நீ அங்கே உட்கார்ந்து என்னை நினைத்தால், எனக்கு இங்கே தெரிவதற்கு ஒரு வழியும் இல்லை. நீதான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். போன் பண்ணு. அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாதே, என்னிடமே பேசு. எதை வேண்டுமானாலும் சொல். குளிரைப் பற்றிச் சொல், உன் மகன் அன்றைக்கு என்ன உளறினான் என்று சொல். மில் சத்தம் தின்றது போக மிச்சமிருக்கும் காதில் உன் குரல் நன்றாகக் கேட்கும். எழுத்தைத் தேடி மிஷினில் தட்டி முடிக்கும் வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. அது நான்தான்.

அப்பா